இருமல் பாட்டு

தம்பி,

நீயும் மருமகளும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிப் போனதிலிருந்து இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். போனில் சொல்ல வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். போனில் நமக்குப் பாட்டைப் பற்றி மட்டும்தான் பேச வரும். வேறு எதையாவது பேச வாயெடுத்தால் ‘சாப்டியா’ என்பதற்கு மேல் எனக்கு நகராது, ‘ம், நீங்க சாப்டீகளா’ என்பதற்கு மேல் உனக்கும் நகராது. போதாததற்கு உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், உன் மாமனாரிடம் மட்டும் காட்டாதே. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நம் வீட்டுக்குள் சோகப் பாட்டு எந்த வழியாக வந்தது என்று உன் அம்மா இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுக்கு அம்மன் பாட்டு பிடிக்கும், ஆடுகிற பாட்டு பிடிக்கும். எனக்கோ காதல் தோல்வி என்று ஒன்று கிடையாது. நான் ஆசைப்பட்டுப் பார்த்த ஒரே பெண் என் அத்தை மகள். கேட்டவுடனே கொடுத்துவிட்டார்கள். இன்றுவரைக்கும் அவள் கையால்தான் சாப்பிடுகிறேன். தோற்பதற்கு எனக்கு ஒரு சந்தர்ப்பமே கொடுக்கப்படவில்லை. அப்படிப்பட்ட மனுசன் காலையில் மில்லைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவைத்து, அடுத்த நிமிடமே காதலி வேறொருவனுக்கு மாலையிடுவதைத் தூரத்தில் நின்று பார்க்கிறவனின் பாட்டைப் போட்டால் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வருமா வராதா? உன் அம்மா நல்லவள் என்பதால் என்னைச் சந்தேகப்படவில்லை, என் மண்டையைத்தான் சந்தேகப்பட்டாள். எனக்கு ஒன்று தோன்றும். வயிறு நிறைந்து, கடன் இல்லாமல், ராத்திரி படுத்தவுடன் தூக்கம் வருகிறவனால்தான் சோகப் பாட்டை முழுசாக ரசிக்க முடியும். யாரோ ஒருத்தன் நமக்காகவும் சேர்த்து அழுதுவிட்டுப் போகிறான், நாம் துண்டை உதறிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

உன்னை இந்த வழிக்குக் கொண்டுவந்தது நான் அல்ல, உன் அம்மாதான். முழுப் பரீட்சை லீவில் நீ வெயிலில் சுற்றுகிறாய் என்று மில்லுக்கு அனுப்பிவைத்தாள். சித்திரை மாதம், முண்டு மிளகாய் அரைக்கிற சமயம். உச்சிப்புளியைச் சுற்றியுள்ள ஊர்ப் பெண்களெல்லாம் காய்ந்த மிளகாயைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மிளகாய் நெடியில் எல்லார் கண்ணிலும் தண்ணீர் கொட்டும். மேலே ஸ்பீக்கரில் ஒருத்தன் கதறுவான். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இது மாவு மில்லா, துக்க வீடா என்று தெரியாது. நீ மூலையில் ஒரு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாய். பாட்டு நடுவில் புல்லாங்குழல் முடிந்து, கதாநாயகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிற இடம் வந்தது. “அய்யா, அந்த மாமா ஏன் இருமுறாரு?” என்றாய். “அவருக்கு மனசு சரியில்லலே” என்றேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, “மிளகா அரைக்கிற எடத்துல நின்னு பாடுறாரோ” என்றாய். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் மோட்டார் சத்தமே கேட்கவில்லை.

அன்றைக்கு அதற்கு இருமல் பாட்டு என்று பேர் வைத்தோம். அப்புறம் காதலியின் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து அழுகிற பத்திரிகைப் பாட்டு, தாடிப் பாட்டு, லைட்ஹவுஸ் பாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் பேர் வந்தது. யார் எழுதினார்கள், எந்தப் படம் என்பதெல்லாம் நமக்கு வேண்டியிருக்கவில்லை. இருமல் பாட்டில் அந்த இடம் வந்தால் நீயும் நானும் சேர்ந்து இரண்டு தடவை இரும வேண்டும் என்பது எப்படியோ சட்டமாகிவிட்டது. நான் மாவு அள்ளிக்கொண்டிருந்தாலும் இருமுவேன், நீ வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாலும் இருமுவாய். பக்கத்தில் இருக்கிற நேவித் தளத்து விமானம் சரியாக அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் போனால், நாம் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்து முறைப்போம்.

பிறகு நீ வளர்ந்தாய். பாலிடெக்னிக் போனாய், பம்பு கம்பெனியில் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போனாய். நீ படித்தது எனக்குப் புரியவில்லை, மில்லில் உனக்கு மனசு ஒட்டவில்லை. உன்னோடு படித்த பையன்களின் அப்பன்மார் பலபேர் என்னிடம் வந்து, “வீட்டுக்கு வந்தா போன நோண்டிக்கிட்டுக் கெடக்கான், ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறான்” என்று புலம்பியிருக்கிறார்கள். நான் மாவை அள்ளிக்கொண்டே கேட்டுக்கொள்வேன். என் மகன் லீவுக்கு வந்தால் பை வைத்த கையோடு மில்லுக்கு வந்து, “அய்யா, இத ஒரு தடவ கேளுங்க, இவன் நம்ம ஆளு” என்று ஏதாவது ஒரு புதுப் பாட்டைப் போட்டுக் காட்டுவான். உங்கள் காலத்துப் பையன்களும் நன்றாகத்தான் அழுகிறார்கள், வார்த்தை மட்டும் பாதி புரிவதில்லை. அந்தப் பெருமையை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

இவ்வளவு நல்லதாக இருந்த ஒரு விஷயம் உன் கல்யாணத்தில் வந்து குறுக்கே நின்றதுதான் கூத்து. தொண்டியிலிருந்து பவித்ராவின் ஜாதகம் பொருந்தி வந்தது. உன் சித்தப்பா நடுவில் நின்று பேசினான். போட்டோவைப் பார்த்துவிட்டு நீ அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாய், அதிலேயே எங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிறைந்த கூட்டத்தில் டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடிக்கிற ஆள். வரப்போகிற மாப்பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்று உனக்குப் போன் போட்டிருக்கிறார். நீ கம்பெனியில் வேலையாக இருந்தாய், எடுக்கவில்லை. அவர் காதில் உன் காலர் ட்யூன் முழுசாக விழுந்திருக்கிறது. இருமல் பாட்டு, இருமலோடு.

மனுசனுக்கு அன்றைக்கே பொறி தட்டிவிட்டது. நீ லீவில் வந்திருந்த சமயம் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி உச்சிப்புளிக்கு வந்து, மில்லுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்திருக்கிறார். டீ மாஸ்டர் உன்னைப் புகழ்ந்துதான் பேசியிருக்கிறான், பாவம். “தங்கமான பையன்ணே. பீடி, பிராந்தி ஒண்ணும் கெடையாது. ஊருக்கு வந்தா அப்பனும் மகனும் அந்தா அங்கன உக்காந்து அழுகாச்சிப் பாட்டுக் கேப்பாக, அம்புட்டுத்தேன்.” அவர் திரும்பி மில்லைப் பார்த்திருக்கிறார். நேரம் பார்த்து அன்றைக்கு மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது. நீ மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாய். நான் உன் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டே, உன் சட்டையில் இருந்த மிளகாய்த் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறேன். மேலே ஒருத்தன், என்னை ஏன் மறந்தாய் என்று கதறுகிறான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் உன் சித்தப்பா இராமநாதபுரத்திலிருந்து வந்தான். “அண்ணே, அவுக வேணாம்னுட்டாக. பையன் மனசுல வேற பொண்ணு இருக்காம். பெத்த அப்பனே தோளத் தட்டி ஆறுதல் சொல்றத அவரு கண்ணால பாத்தாராம்.” உன் அம்மா முதலில் என்னைப் பார்த்தாள், அப்புறம் ஸ்பீக்கரைப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலமே ஸ்பீக்கர் மில்லிலிருந்து போய்விட்டது. அது அரிசி டிரம்முக்குள் இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அதோடு விட்டாளா, உன்னிடமும் வந்து, “ஏலே, மறைக்காமச் சொல்லு, யாரு அந்தப் புள்ள?” என்று கேட்டாள். பெற்ற தாயே நம்பவில்லை என்றால் கண்டக்டரைக் குறை சொல்லி என்ன செய்வது? நீ சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. லீவு மிச்சம் இருக்கும்போதே பையை எடுத்துக்கொண்டு, “வாரேன்யா” என்று கிளம்பிவிட்டாய்.

நீ போய்ச் சேர்ந்தாயா என்று கேட்க அன்றைக்குப் போன் போட்டேன். இருமல் பாட்டு வரவில்லை. வெறும் மணி அடித்தது. ட்ரிங் ட்ரிங் என்று, ஏதோ ஆபீசுக்குப் போட்ட மாதிரி. நீ எடுத்து, “சொல்லுங்கய்யா” என்றாய். நான், “சாப்டியா” என்றேன். வைத்துவிட்டு அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருசமும் அழுகிற பாட்டைச் சிரித்துக்கொண்டே கேட்ட பையன், பாட்டையே நிறுத்திவிட்டான் என்றால் அவனுக்கு நிஜமாகவே வலிக்கிறது என்று அர்த்தம். இல்லாத காதல் தோல்வியைப் பார்த்துப் பயந்து போன மனுசன், அவர் கையாலேயே உனக்கு ஒன்றை உண்டாக்கிவிட்டார். இதை இப்படியே விடுவதில்லை என்று அப்போது முடிவு செய்தேன்.

தொண்டிக்கு நான் போய் வந்ததாக மட்டும்தான் உனக்குத் தெரியும். அங்கே நடந்ததை உன் மாமனாரும் சொல்லியிருக்க மாட்டார், நானும் இதுவரை சொல்லவில்லை. வெறுங்கையோடு போகக்கூடாது என்று புதிதாக அரைத்த மிளகாய்த் தூளை ஒரு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். இராமநாதபுரத்தில் பஸ் மாறி, தேவிபட்டினம் வழியாகப் போய் இறங்கி, வீட்டைக் கண்டுபிடித்தேன். மரியாதையான குடும்பம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். நான் சுற்றி வளைக்காமல், “அண்ணே, எம் மகனுக்கு எந்தக் காதலும் கெடையாது. அந்தப் பாட்டெல்லாம் என்னோடது” என்றேன்.

அவர் என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். “உங்களோடதா?”

“ஆமாண்ணே. அவன் பொறக்குறதுக்கு முன்னாடியே இருந்து.”

“அப்ப உங்களுக்கு...” என்று இழுத்தார். உள்ளே இருந்து அவர் வீட்டு அம்மா வாசல் நிலையில் வந்து நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. “வீட்ல அவுகளுக்குத் தெரியுமாண்ணே?” என்று மெதுவாகக் கேட்டது. மகனைக் காப்பாற்றப் போய், இந்த வயதில் எனக்கு ஒரு பழைய காதலியை ஏற்பாடு செய்துகொண்டு நிற்கிறேன். எனக்கு யாரும் இல்லை, இருந்ததே இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, அந்த அம்மாவின் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. கண்டக்டர், “சரிண்ணே, பாட்ட விடுங்க. அவன் அழுதத எங் கண்ணால பாத்தேனே, அதுக்கு என்ன சொல்றீக?” என்றார்.

பொட்டலத்தை எடுத்து டீபாய் மேல் வைத்துப் பிரித்தேன். நேரம் எனக்குச் சாதகமாக இருந்தது, மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நம் முண்டு மிளகாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் அவருக்கு மூக்கு விடைத்தது. பிறகு ஒரு தும்மல், அப்புறம் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர், அதன் பின்னாலேயே இருமல். நல்ல இருமல், தம்பி. நம் கதாநாயகன் தோற்றான். அந்த அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதது. நானும்தான் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அண்ணே, இப்ப உங்களுக்கு எந்தப் பொண்ணு ஞாபகம் வந்துச்சு?” என்று கேட்டேன்.

உள்ளே அறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பவித்ரா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பொட்டலத்தை மடித்து மூடினாள். அந்த வீட்டிலேயே அறிவோடு ஒரு காரியம் செய்தது அவள் மட்டும்தான். பிறகு என்னைப் பார்த்து, “மாமா, போன் போட்டா இப்ப வெறும் மணிதான் அடிக்குது. அந்த இருமுறவரு எங்கன போனாரு?” என்றாள்.

உன் மாமனார் இருமிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். டிக்கெட் எடுக்காத ஒரு ஆள் அவர் வீட்டுக்குள்ளேயே இத்தனை நாளாகப் பயணம் செய்துகொண்டிருந்திருக்கிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, “அவரு எங்கிட்ட மொதல்லயே சொல்லிட்டாருப்பா. எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம், பாட்டு மட்டுந்தான் அழுகும்னு” என்றாள். பிறகு அந்த மனுசன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மனைவியைப் பார்த்து, “அண்ணனுக்குக் காப்பி போடு” என்றார். இதை நீ அவரிடம் காட்டக்கூடாது என்று ஏன் சொன்னேன் என்று இப்போது தெரிகிறதா? சம்பந்தி முன்னால் மூக்கு ஒழுக இருமியதை எந்த மனுசனும் ஊர் அறிய விரும்ப மாட்டான்.

கல்யாணத்துக்கு நீ ஊருக்கு வந்ததிலிருந்து அது முடிகிற வரைக்கும் நம் இரண்டு பேர் போனும் உன் அம்மாவின் நகைப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது உனக்கே தெரியும். தாலி கட்டி முடித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். குடும்பம் நடத்துவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதையும் பாட்டை வைத்துத்தான் சொல்லத் தெரியும். கல்யாணமான புதிதில் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை முற்றிவிட்டது. நான் போய் வழக்கம்போலப் பாட்டைப் போட்டேன். அது துரோகம் செய்துவிட்டுப் போன பெண்ணைப் பற்றிய பாட்டு. எனக்கு அதில் மெட்டுதான் காதில் விழுந்தது, அவளுக்கு வார்த்தை விழுந்தது. அவளைக் கூட்டிவர நான் மாமனார் வீட்டு வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றேன். ஆகவே வீட்டில் மனத்தாங்கல் இருக்கும்போது நம் பாட்டைப் போடாதே. பவித்ராவுக்கு ஆடுகிற பாட்டுதான் பிடிக்கும் என்று கேள்விப்பட்டேன். அவள் சமைக்கும்போது அவள் பாட்டு ஓடட்டும், நீ காயை நறுக்கிக்கொண்டு கேள். பிடிக்காவிட்டாலும் பாதியில் நிறுத்தாதே. நீ போட்டுக் காட்டிய புதுப் பாட்டு எத்தனையோ எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றையாவது முடியும் முன்னே நிறுத்தச் சொன்னேனா? பாட்டுக்காகவா கேட்டேன், நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், அதற்காகக் கேட்டேன்.

இனி எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். ஸ்பீக்கர் போனதோடு மில்லில் பாட்டு போனது, நீ போனதிலிருந்து போனிலும் பாட்டு இல்லை. டீ மாஸ்டர் வந்து, “என்னண்ணே, ஸ்பீக்கர் ரிப்பேரா?” என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மகன் நல்ல இடத்தில் கல்யாணம் முடித்து, நல்ல பெண்ணோடு குடித்தனம் போயிருக்கிறான், இதில் துக்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருந்தாலும் போனில் பத்திரிகைப் பாட்டைப் போட்டால் முதல் வரியையே தாண்ட முடியவில்லை. மிளகாய் சீசன்கூட முடிந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்தால் சாக்குச் சொல்ல வழியில்லை. நிறுத்திவிடுகிறேன். நம் வீட்டில் பாட்டு நின்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உன் அம்மாவுக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முந்தாநாள் மத்தியானம் சோற்றுத் தூக்கை ஒரு கையிலும் ஸ்பீக்கரை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தாள். ஸ்பீக்கர் முழுக்க அரிசித் தவிடு. “போடுங்க” என்றாள். எதை என்றேன். “அந்த எழவெடுத்த இருமல் பாட்டத்தேன்” என்று சொல்லிவிட்டு நீ உட்காருகிற மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தாள். போட்டேன். அந்த இடம் வந்தது. எனக்கு இருமல் வரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், தானே இரண்டு தடவை இருமினாள். அதற்குள் அடுத்த வரியே தொடங்கிவிட்டது. “தப்பு. புல்லாங்குழல் முடிஞ்ச ஒடனே வரணும்” என்றேன். “புல்லாங்குழலயெல்லாம் யாரு கேட்டா? அவன் இருமுறதத்தேன் நான் கேப்பேன்” என்றாள். அவளும் இத்தனை வருசமாக நம்மோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் தம்பி, நமக்குத்தான் தெரியவில்லை.

உன் காலர் ட்யூனில் இருமல் பாட்டைத் திரும்ப வைத்திருக்கிறாய், பார்த்தேன். உன்னையா பவித்ராவையா, யாரைப் பாராட்டுவது என்று தெரியவில்லை. ஆனால் அதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. நல்ல பிள்ளையாக நீ அய்யா பேரைப் பார்த்தவுடனே போனை எடுத்துவிடுகிறாய். புல்லாங்குழல் பாதியில் நின்று, “சொல்லுங்கய்யா” என்று உன் குரல் வந்துவிடுகிறது. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இனிமேல் நான் கூப்பிட்டால் உடனே எடுக்காதே. புல்லாங்குழல் முடியட்டும், அந்த இருமல் வரட்டும். இங்கன உன் அம்மாவும் நானும் சேர்ந்து இருமிக்கொள்கிறோம். அப்புறம் எடு.

இப்படிக்கு,
உன் அய்யா